முதல் வாய்

மார்ச் 4

கைடு இந்த மாத அட்டவணையை லேப் கதவில் ஒட்டிவிட்டார். பதினாறாம் தேதி காலை முழுக்க உள்ளறையில் என் முறை. அன்றைக்குத்தான் வீட்டில் பண்டிகை. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, அந்த ஒரு நாளா கிடைத்தது?

உள்ளறை என்றால் நாலு பக்கமும் கண்ணாடி. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறைக்கு மேல் கையுறை. போன் கூடாது. நடுவில் வெளியே வந்தால் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தட்டுகளில் நான் வளர்க்கும் செல்களுக்கு அன்று தீனி மாற்றாவிட்டால் செத்துப்போகும். என் ஆய்வும் கூடவே சாகும்.

வேறு நாள் கேட்டேன். "செல்லுக்கு லீவு தெரியாதும்மா" என்றார் கைடு, சிரித்துக்கொண்டே. எனக்கு மாற்றாக நிற்கக்கூடிய ஒரே ஆள் மொட்டை (தலை நிறைய முடி, பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது). அவன் அந்த வாரம் ஊருக்குப் போகிறான்.

மார்ச் 6

தூக்கம் வரவில்லை, எழுதியாவது தீர்க்கலாம்.

எங்கள் வீட்டு வழக்கம் இது. பண்டிகையன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சமைப்பாள். மூத்தவளான எனக்கு முதல் வாய் ஊட்டுவாள். நான் விழுங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தட்டு. கடைசியில்தான் அம்மாவுக்கு. கடல் தாண்டி வந்தும் இது என்னை விடவில்லை. வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பார்கள். அம்மா அங்கே கையை நீட்டுவாள், நான் இங்கே வாயைத் திறப்பேன். என் கையில் காய்ந்த ரொட்டி. அப்பாவின் அக்கா, பண்டிகைக்குப் பண்டிகை வந்து இறங்கும் எங்கள் அத்தை, பின்னாலிருந்து, "நல்லா வாயத் தொறடி" என்று அதட்டுவாள்.

போன வருஷம் பஸ் பழுதாகி நடுவழியில் நின்றது, போனிலும் சார்ஜ் இல்லை. அம்மா எனக்காகக் காத்திருந்து, காத்திருந்து, சர்க்கரை இறங்கி அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். நான் திரையில் வந்தபோது அப்பா அவள் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "பெத்தவ மயங்கி விழுந்தாத்தான் இவளுக்கு வீட்டு ஞாபகம் வரும்" என்றாள் அத்தை. அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

உள்ளறையை விட்டு வந்து போனில் நின்றால் ஆய்வு போச்சு. வராவிட்டால் அம்மா பட்டினி. நான் என்னதான் செய்ய?

மார்ச் 9

அம்மாவிடம் சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன்.

"இந்தத் தடவ சீக்கிரமே வந்துடு கண்ணு. அத்தை நேரமெல்லாம் குறிச்சு வெச்சுட்டா."

"சரிம்மா" என்றேன்.

சரிம்மாவாம்! என் வாயைத் தைத்தா வைத்திருந்தார்கள்?

மார்ச் 10

தங்கச்சியிடம் அழுது தீர்த்தேன்.

"மூக்கச் சிந்தாதக்கா, காது கிழியுது. நீ சாப்பிடுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நேர்ல பேசுற மாதிரியே போட்டு விட்டுடறேன். அத்தைக்கு எப்படியும் கண்ணு சரியாத் தெரியாது."

"அம்மாவுக்கு?"

"அம்மா உன் வாயத்தான் பாப்பா. வாய் மென்னுச்சுன்னா போதும்."

சீ, பெற்ற தாயையா ஏமாற்றுவது என்று போனை வைத்துவிட்டேன். பிறகு நானே கூப்பிட்டு, எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டேன்.

மார்ச் 13

எடுத்தாயிற்று. ரொட்டிப் பொட்டலமும் காலி.

அம்மா என்ன கேட்பாள் என்பது எனக்கு மனப்பாடம். ஏன்டி இளைச்சுட்ட? "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." அவள் பேசக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒழுங்கா தூங்கறியா? "தூங்கறேம்மா." மறுபடி இடம். அப்புறம் வாயைத் திறந்து, மென்று, விழுங்கி, "சாப்டேம்மா. நீயும் சாப்பிடு." வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, "யார்கூடப் பேசிட்டிருக்க?" என்றாள். எங்கம்மாகூட என்றேன்.

மார்ச் 15

நாளைக்கு. வீடியோவைத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16

உள்ளறையில் நின்றேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, தீனியை உறிஞ்சி எடுத்து, புதிதாக ஊற்றி, தட்டை மூடி. மனசு அங்கே இல்லை. இந்த நேரம் அம்மா கையை நீட்டியிருப்பாள், நான் இல்லாத என்னிடம். அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கக்கூட அந்த அறையில் வழியில்லை.

வெளியே வந்ததும் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

"அம்மா சாப்டுட்டா. ஆனா அக்கா... நடுவுல அம்மா, 'அங்க மழையாடி?'ன்னு கேட்டுட்டா. நீ 'தூங்கறேம்மா'ன்னுட்ட."

ஐயோ.

"ஒரு நிமிஷம் போனையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் கையை நீட்டினா. நீ மென்னு முடிச்சதும் அத்தை பக்கம் திரும்பி, 'கொழந்த சாப்டுட்டா, எல்லாரும் உக்காருங்க'ன்னா. யாருக்கும் எதுவும் தெரியல."

மார்ச் 17

அம்மாவே கூப்பிட்டாள். திட்டுவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நானே உனக்குத் தோதாப் பேசியிருப்பேனேடி. எனக்கு மட்டும் பசிக்காதா? கல்யாணமாகி வந்த வருஷத்துலேருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் எப்படா முடியும்னுதான் உக்காந்திருக்கேன். உங்கத்தை முன்னாடி வாயத் தொறக்க முடியுமா?"

கட்டிப்போட்டது அம்மாதான் என்று நான் நினைத்திருக்க, அவளையும் அதே கயிற்றில் அல்லவா கட்டியிருக்கிறார்கள்!

"அந்த வீடியோவ மட்டும் அழிச்சுடாதீங்க ரெண்டு பேரும்" என்றாள். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்."

"அடுத்த வருஷம் நானே வருவேம்மா."

"உன் வேலையப் பாரு. நான் பாத்துக்கறேன்."

அப்பாடா. பாரம் இறங்கியது. ஊர்ப்பட்ட தூக்கம் தூங்கினேன்.

மார்ச் 25

செல்கள் பிழைத்துவிட்டன. கைடு முதுகில் தட்டாத குறை.

ஏப்ரல் 2

ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது! மொட்டைகூடக் கை குலுக்கினான். முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று மாடிப்படியில் நின்றபடியே கூப்பிட்டேன். வீட்டில் அது சாப்பாட்டு நேரம், அப்பாவும் தங்கச்சியும் வேலைக்குப் போயிருப்பார்கள், அவள் தனியாகத்தான் இருப்பாள்.

"சாப்டுட்டு இருக்கேன் கண்ணு. அப்புறமாக் கூப்பிடறேன்" என்றாள்.

போனைக் கீழே வைத்தாளே தவிர, இணைப்பைத் துண்டிக்கவில்லை. தட்டு நகரும் சத்தம். அதற்குப் பின்னால் வேறு எதிலிருந்தோ ஒரு பெண்குரல்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்றாள் அம்மா.

"தூங்கறேம்மா."

"ம். தூங்கணும்."

"சாப்டேம்மா. நீயும் சாப்பிடு."

"இதோ, சாப்பிடறேன்டா."

நான் எடுத்து அனுப்பிய அதே வீடியோ. அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.