நன்றாக நடந்துவிட்டேன்

செவ்வாய்.

மாற்றுத்திறனாளிகள் முகாமில் இன்று நன்றாக நடந்து தொலைத்தேன். முடக்குவாதக்காரி அரசாங்கத்தின் மூன்று சக்கர ஸ்கூட்டரைக் கேட்கப் போன இடத்தில் அதைத்தான் செய்யக் கூடாது.

பாப்பாரப்பட்டியில் பஸ் ஏற வேண்டுமே என்று காலையிலேயே வலி மாத்திரை போட்டிருந்தேன். தருமபுரியில் டாக்டர், "அந்தக் கதவு வரைக்கும் நடந்து காட்டும்மா" என்றபோது முழங்கால் சமர்த்தாக நடந்தது. "நல்லாத்தானே நடக்கறே?" என்றார். வீங்கிய விரல்களைக் காட்டினேன். "கைக்கு எதுக்கும்மா வண்டி?"

திரும்பும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்துவிட்டது. எங்கள் நிறுத்தத்தில் படியிலிருந்து காலை எடுக்க முடியவில்லை. "சீக்கிரம் எறங்குங்க மேடம்!" என்று கண்டக்டர் கத்தினார். கூட வந்த அம்மா விடவில்லை: "ஏங்க, இத அந்த டாக்டருகிட்ட வந்து சொல்லுங்களேன்!" பஸ்ஸே சிரித்தது. எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

சொந்தமாக வாங்கலாமென்றால் சம்பளம் மருந்துக்கே சரியாகப் போகிறது. பஸ் ஏற முடியாமல் போனால் அந்த வேலையும் இல்லை.

"அடுத்த முகாமுக்கு மாத்திரை போடாம போயிரலாம் புள்ள" என்கிறாள் அம்மா, பெரிய யோசனை கண்டுபிடித்தவள் போல.

மாத்திரை போடாமல் என்னால் பஸ் ஏற முடியாது. அதனால்தானே, அம்மா, வண்டி கேட்கிறேன்.