நரைப்பசுவை இனி நம்பாதே

இன்வர்ரூவா,
9 மே 1957

அன்பு மகள் ஈஷ்பலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் கடையும் இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை, கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

ஃபார்க்கர் மாமா ஆற்றோடு போய்விட்டான் என்று மட்டும்தான் தந்தி அடித்தேன், எப்படி என்று கேட்டிருந்தாய். மழை ஒரு சொட்டு இல்லை. நம் ரூவா ஆறு உனக்குத் தெரிந்ததுதான், மலைமேல் சதுப்பில் மூன்று ஓடையாகக் கசிந்து, கூடி, கருந்தேநீர் நிறத்தில் அருவியாக விழுந்து, பூர்ச்ச மரப் பள்ளத்தில் இரைந்துவிட்டு, நம் கடைக்கு எதிரே துறையில் கூழாங்கல்மேல் பரந்து, பிறகு கருமடுவில் இறங்கி அரை மைலில் கடலுக்குப் போய்விடும். எட்டு மைல்கூட இல்லாத அதற்குப் போன வருஷம் மேலே ஓர் அணை கட்டினார்கள். துறையில் பசுப்போல் நிற்கும் நரைப்பசுக் கல்லுக்கு முழங்கால் நனைந்தால் வண்டி இறங்காது, வயிறு நனைந்தால் ஆள் இறங்கமாட்டான், பேசப் பழகும்போதே நமக்கெல்லாம் தெரிந்த கணக்கு.

அன்று மாமா ஓட்ஸ் மாவு மூட்டையைத் தோளில் போட்டு அக்கரை வீட்டுக்குக் கிளம்பினான். கனமாக இருக்கிறது, பாலம் வழியாகப் போடா என்றேன். ரெண்டு மைல் சுத்தணுமா, பசுவுக்குக் குளம்புகூட சரியா நனையல, ஒனக்குத்தான் வயசாயிடுச்சுக்கா, கண்ணாடிய மாட்டிட்டுப் பாரு என்று சிரித்தான். நானும் சன்னல் வழியே கல்லைப் பார்த்தேன், சரி போய்த் தொலை என்றேன். அவன் நட்டாற்றில் இருக்கும்போது அணையில் மதகைத் திறந்தார்கள். வெயில் அடிக்க அடிக்கப் பசு முதுகுவரை முங்கியது. மூன்றாம் நாள் கருமடுவில் கிடைத்தான்.

மதகு திறக்கும் நாட்களை அச்சடித்து என் கடைக் கதவில் ஒட்டக் கொடுத்திருந்தார்கள், ஒட்டினேன். ஏப்ரலில் ஆட்டு உண்ணி மருந்து வந்தபோது அதன் விளம்பரத்தை மதகுத் தாளின்மேலேயே ஒட்டினேன். கதவில் வேறு இடம் இருந்தது, ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்கு நேரான இடம் அதுதான். மருந்து நன்றாக விற்றது. பாதிரியாரிடம் சொன்னேன், அதையெல்லாம் யாரும்மா நின்னு படிக்கிறாங்க, மனச விடுங்க என்றார். மாமா படிப்பான். என் கதவில் எது ஒட்டினாலும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கேலி செய்துவிட்டுத்தான் உள்ளேயே வருவான்.

ஜூலையில் வருகிறீர்கள். பசுக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாய், சின்னவன் தன் முழங்காலையும் வயிற்றையும் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறான் என்று எழுதியிருந்தாய். கப்பல் ஏறுமுன் அதை அவனுக்கு மறக்கடித்துவிடு. கம்பளிச் சட்டை மறக்காதே. ஆண்டவன் உங்கள் அனைவரையும் கரை சேர்க்கட்டும். என் கதவில் இப்போது அந்த மதகுத் தாள் ஒன்றுதான் இருக்கிறது.

உன் அம்மா,
மார்சலி