உபயம்: சகாதேவன் – அருணாதேவி தம்பதியர்

அடி அண்ணாமலை,
9.11.2008

பட்டாளத்தில் இருக்கும் பாசமிகு பரசுராமன் மாமாவுக்கு, மருமகன் புகழேந்தி விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு எழுதுவது.

உலகத்தாருக்கும், குறிப்பாக அஸ்ஸாமில் எல்லையைக் காக்கும் வீரர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு எனக்கு மீசை முளைத்துவிட்டது. மூக்குக்கு இடப்பக்கம் ஏழு முடி, வலப்பக்கம் ஐந்து. அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, பென்சில் கோடு என்றார். அம்மா, மூஞ்சியைக் கழுவுடா என்றாள். வரலாறு தெரியாத குடும்பம். நீங்களாவது அங்கே வானத்தைப் பார்த்து ரெண்டு குண்டு சுடுங்கள்.

இங்கே எல்லோரும் நலம். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியாயிற்று. கடலை ஜாஸ்தி, விலைதான் கம்மி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் நம் தெருவை மிதித்துத் தேய்த்துக்கொண்டு போகிறது.

மாமா, இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படியுங்கள். அருணா சித்தியைப் பற்றி. பேரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கிழித்தால் என் மீசைச் சேதியும் சேர்ந்து கிழிந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சித்தி வீட்டை விட்டுப் போனபோது, "எனக்கு இருக்கறது ஒரு தங்கச்சிதான், அது இவன் அம்மா"ன்னு நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து நம் வீட்டில் சித்தி பேரை யாரும் எடுப்பதில்லை. ஆனால் எனக்குச் செங்கம் ரோடு வழியாகத்தான் பள்ளிக்கூடம். ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சித்தி நம்பிப் போன சகாதேவனின் வீடு. மாடியில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகை அறைகள், கீழே சித்தியின் டிபன் கடை. வாரத்தில் மூன்று நாள் அங்கே எனக்கு இட்லி. இதுவரை அம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீர்கள்.

"என் தங்கச்சிக்கு முடிச்சிட்டு நாம கட்டிக்கலாம்"னு சகாதேவன் சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கச்சிக்கு முடிந்து குழந்தையும் பிறந்தது. இந்த ஆவணியில் அவருக்கே கீழ்பென்னாத்தூரில் பெண் பார்த்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் சித்தி காய் வாங்கப் போய்த் திரும்பினால் கதவில் புதுப் பூட்டு. துணி மூட்டையும் ஆட்டுக்கல்லும் ரோட்டில். "இவ இட்லி சுட வந்தவ, கணக்கு தீந்துபோச்சி"ன்னு அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். கடையில் பாத்திரம் கழுவும் பாஞ்சாலை அக்கா வீட்டில்தான் சித்தி இப்போது தங்கியிருக்கிறாள். நம் வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். அம்மா கூப்பிடவில்லை, சித்தியும் வரவில்லை.

பாஞ்சாலை அக்காதான் சித்தியைக் கலெக்டர் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண்களுக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருத்தரை அரசாங்கமே வைத்திருக்கிறதாம். சந்திரகலா மேடம் என்று பேர். தாலி இல்லையே, மனு கொடுக்கலாமா என்று சித்தி வாசலிலேயே நின்றாளாம். அதற்கு மேடம், "உள்ள வாம்மா. மூணு வருஷம் முன்னாடி போட்ட சட்டம் இருக்கு. புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரே வீட்ல குடும்பம் நடத்தியிருந்தா போதும், அந்த வீட்டை விட்டு உன்னைத் தொரத்த முடியாது. செலவுக்கும் குடுக்கணும்"னு சொன்னார்களாம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மாமா. நம் ஊரில் யாருமே ஒரு பேர் வைக்காமல் விட்ட சித்தியை நினைத்து, எங்கோ டெல்லியில் உட்கார்ந்து ஒருத்தர் சட்டத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

ஆனால் குடும்பம் நடத்தியதற்குச் சாட்சி வேண்டுமே. சகாதேவன் ரேஷன் கார்டில் சித்தி பேரைச் சேர்க்கவே இல்லை. கல்யாணப் பத்திரிகையும் இல்லை, போட்டோவும் இல்லை.

அப்போதுதான் உங்கள் மருமகனின் மூளை பிரகாசித்தது. நம் தெருமுனை அம்மன் கோயில் ட்யூப்லைட் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போவீர்களே, அதுதான். நம் வீட்டில் அவரைச் சேர்க்கவில்லை என்ற ரோஷத்தில், நம் தெருவிலேயே எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று சகாதேவன் வாங்கி மாட்டியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவப்புப் பெயிண்டில் "உபயம்: சகாதேவன் – அருணாதேவி தம்பதியர், செங்கம் ரோடு." எழுத்து போக மிச்சம் இருந்த இடத்தில்தான் வெளிச்சம். அஞ்சு வருஷமாக ஊரே அதைப் படித்துக்கொண்டு சாமி கும்பிடுகிறது.

பூசாரி இருசப்பனிடம் கேட்டோம். "வேற லைட்டு மாட்டிட்டு இதைக் கழட்டிக்கோ"ன்னு சொன்னார். புதுசு வாங்கும்போது கடைக்காரர் என்ன பேர் எழுதணும் என்று கேட்க, சித்தி, "பேரு வேணாங்க, வெளிச்சமாவது வரட்டும்"னு சொல்லிவிட்டாள். பழையதை நான்தான் வேட்டியில் சுற்றி, நெரிசலான டவுன் பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். வகுப்பில் என்னை ட்யூப்லைட் என்பார்கள். அன்று ஒரு ட்யூப்லைட் இன்னொரு ட்யூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

போன திங்கட்கிழமை விசாரணை. மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. என் அம்மாவைவிட வயசு கம்மிதான் இருக்கும், ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுகிறது. சகாதேவன் தரப்பு வக்கீல், சாமிக்கு ஆயிரம் பேர் லைட் குடுப்பாங்க என்றார். அந்த அம்மா விளக்கைப் பிடிக்கச் சொல்லி, முழுவதும் படித்துவிட்டு, "வீட்டு வேலைக்கு வந்தவங்க பேரைப் போட்டு தம்பதியர்னு எழுதுவீங்களா?"ன்னு சகாதேவனைக் கேட்டார். அவர், "பெயிண்டர் கேட்டான், சொன்னேன்"னு இழுத்தார். "அவன் கேட்டது சரி. நீங்க என்ன சொன்னீங்க?" அவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் சித்தியின் முறை. ஏதாவது ஒரு கோயில்ல வெச்சித் தாலி கட்டினார்னு சொல்லிடு, கேஸ் பலமாகும் என்று வராந்தாவில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சித்தி கையைக் கட்டாமல் நின்று, "தாலி கட்டலைங்கம்மா. கட்டினாருன்னு பொய் சொல்ல மாட்டேன். எட்டு வருஷம் அந்த வீட்ல பொண்டாட்டியா இருந்தேன், அது பொய் இல்ல"ன்னு சொன்னாள். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. மாமா, தீபத்தன்று மலைமேல் நெருப்புத் தெரிகிற அந்த நொடியில் இத்தனை லட்சம் பேர் சத்தமும் ஒரு கணம் நின்று, அப்புறம்தான் கிளம்புமே. அந்த ஒரு கணம் மாதிரி இருந்தது கோர்ட்.

உடனே அந்த அம்மா, "உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"ன்னு கேட்டார். உங்கள் மருமகன் எழுந்தான். புது மீசையைத் தடவிக்கொண்டு, "நான் இருக்கேங்க, இவங்க அக்கா பையன்"னு கணீரென்று சொன்னான். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

கேஸ் முடிகிற வரை பூட்டைத் திறந்துவிட வேண்டும், யாரும் சித்தியை வெளியேற்றக் கூடாது, மாதாமாதம் செலவுக்குத் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்துவிட்டது. சாவி இன்னும் வரவில்லை. நாளைக்கு மேடமே போலீசோடு வந்து திறந்து தருவார்களாம். ஆனால் இது தற்காலிகம்தான். அவர்களைப் புருஷன் பொண்டாட்டியாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்று சொந்தக்காரர் ஒருத்தராவது சாட்சி சொன்னால்தான் கடைசித் தீர்ப்பு நிற்குமாம். அடுத்த வாய்தா டிசம்பர் எட்டு, திங்கட்கிழமை. தீபத்துக்கு எப்படியும் லீவு கேட்பீர்கள். ஒரு வாரம் முன்னால் கேளுங்கள் மாமா.

இதை இங்கேயே முடித்து உறையை ஒட்டியிருப்பேன். சோறு தடவியும் ஆயிற்று. மனசு ஒட்டவில்லை, அதனால் பிரித்து எழுதுகிறேன். நான் எழுந்திருக்கவில்லை மாமா. விளக்கைப் பாஞ்சாலை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் பி.டி. வாத்தியார் வேறு கேஸுக்கு வந்திருந்தார், பார்த்தால் நாளைக்குப் பள்ளிக்கூடமெல்லாம் தெரிந்துவிடும் என்று பயம். சித்தி ஒரு முறை திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யாரும் வரலைங்கம்மா, நான்தான் வந்திருக்கேன்"னு சொன்னாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தாள்.

நீங்கள் வாருங்கள் மாமா. நீங்கள் எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன்.

உங்கள் மருமகன்,
பன்னிரண்டு முடிக்காரன்,
புகழேந்தி