பாதிக் கயிற்றில் பிடிபட்ட திருட்டு

மச்சான்,

இன்று காலை அக்கா மாடு கட்டக் கயிறு கேட்டாள். பரண்மேல் கைவிட்டுத் துழாவியபோது உங்கள் தேன்கயிறு அகப்பட்டது. இழுத்ததும் புகையும் மெழுகும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். கயிறு எடுக்கப் போனவனைக் காணோமே என்று கீழே அக்கா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். இதை மாட்டுக்குக் கொடுத்தால் நீங்கள் கனவில் வந்து திட்டுவீர்கள். வேறு கயிறு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நம் திருப்புலி நாட்டு மலையில் பாறைத்தேனுக்கு இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி என்றால் பங்குக் காட்டை நினைத்துக் கை தளர்ந்தாலும் தளரும். மச்சினன் அக்காளின் தாலியை நினைத்துக்கொண்டே பிடிப்பான். என்மேல் இத்தனை நம்பிக்கையா என்று நான் பெருமைப்பட்டபோதெல்லாம், "ஒம்மேல இல்ல மாப்ள, ஒங்கக்கா மேல" என்பீர்கள்.

உங்கள் பாட்டன் காலத்திலிருந்து உங்கள் வீட்டார் இறங்கிவந்த பாறையை, மகள் பிறந்த வருஷம் சர்க்கார் கீழ்நாட்டுக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. அக்காவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. இந்தச் சமயத்தில் வம்பு வேண்டாம் என்றேன். குத்தகைச் சீட்டைப் பார்த்துவிட்டா தேனீ கூடு கட்டுகிறது என்று கேட்டுவிட்டு நீங்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டீர்கள்.

பாதிப் பாறை இறங்கியிருப்பீர்கள். என் முதுகுக்குப் பின்னால் காட்டுக் காவலர் வந்து நின்றார். கயிற்றை விட்டுவிட்டு எழுந்து வரச் சொன்னார்.

"உட்டா எங்கக்கா தாலி போயிருமுங்க. நீங்க சித்த புடிச்சுக்குங்க, நான் வாரேன்" என்றேன்.

மனிதர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவரும் கயிற்றைப் பிடித்தார். இரண்டு பேருமாக உங்களை மேலே இழுத்தோம். காலிச் சட்டியும் புகைப் பந்தமுமாக வந்து சேர்ந்த நீங்கள் காவலரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, என்னைத்தான் முறைத்தீர்கள். கயிற்றைச் சுண்டினால்தான் இழுக்க வேண்டும் என்பது நம் ஏற்பாடு. "சுண்டாமயே எதுக்கு இழுத்த?" என்றீர்கள்.

கயிறு பிடித்ததைக் குற்றமாக எழுதினால் தன் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று காவலர் என்னை விட்டுவிட்டார். நாமக்கல் கோர்ட்டில் உங்கள்மேல் மட்டும் வழக்கு: தேன் திருட முயன்றது. வக்கீல் நமக்குப் புரியும்படி சொன்னார். கயிறு திரிப்பதும் பந்தம் கட்டுவதும் வெறும் ஆயத்தம், அதற்குத் தண்டனை இல்லை. திருட்டில் இறங்கிவிட்டால், அது முடியாமல் போனாலும், முயற்சி; முழுத் திருட்டுக்கு உள்ள பெரிய தண்டனையில் பாதிவரை கொடுக்கலாம். பாறையில் தொங்கியவர் கூட்டைத் தொடவே இல்லை, ஆகவே ஆயத்தம்தான் என்று வாதாடப் போகிறேன், நீங்கள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்றார்.

பிள்ளை பிறக்கும்போது நீங்கள் ஜெயிலில் இருந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்பது என் கவலை. உங்களுக்கோ வேறு கவலை. முயன்றவன் என்றால் முடியாதவன் என்றுதானே அர்த்தம், இனி எவன் தேனுக்குக் கூப்பிடுவான் என்று வழியெல்லாம் புலம்பினீர்கள்.

வக்கீல் நன்றாகத்தான் வாதாடினார். அந்த உயரத்தைப் பார்த்துப் பயந்து இவரே பாதியில் திரும்பியிருக்கலாம் என்று அவர் முடித்ததுதான் தாமதம், கூண்டிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"பயமுங்களா, எனக்குங்களா? ஏனுங்க சாமி, இவிங்க இழுக்காம உட்டிருந்தா தேனடையோடதானுங்க வந்திருப்பேன்."

வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாஜிஸ்டிரேட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு, எடுக்கும் எண்ணமும் இருந்தது, எடுக்க இறங்கியதும் நடந்தது, நின்றது பிறர் இழுத்ததால்தான், ஆகவே இது முயற்சியே என்றார். பழைய குற்றம் எதுவும் இல்லாததாலும், அரசுத் தரப்புச் சாட்சியான காவலரே கயிறு பிடித்திருப்பதாலும், கோர்ட்டு கலையும்வரை காவல் போதும் என்று முடித்தார். சாயங்காலம்வரை கோர்ட்டு மூலையில் நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த வாரமே உங்கள் மகள் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கியபோதும் விடவில்லை நீங்கள். இவன் பாதியில் இழுக்காமல் விட்டிருந்தால் முழுத் தண்டனையே வாங்கியிருப்பேன் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்.

எத்தனையோ பாறை இறங்கிய மனிதர், போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு பாயோடு பாயாகப் போய்விட்டீர்கள். அது உங்களுக்கே பிடித்திருக்காது. குழியில் இறக்கும்போது தலைமாட்டுக் கயிற்றை என்னிடம்தான் கொடுத்தார்கள். நீங்கள் தரையைத் தொட்ட பிறகும் நான் விடவில்லை. விடப்பா, விடு என்றார்கள். சுண்டுவீர்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், மச்சான். சுண்டாமல் இழுத்தால் உங்களுக்குக் கோபம் வருமே.