இன்னும் மூன்று சக்கரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது, எழுத்தைக் கூட்டிப் படித்துக்கொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டில் ஒரு அறையில் தும்மினால் மறு அறையில் கேட்கிறது. இது என் மகள் காதில் விழக் கூடாத விஷயம்.

உன் அத்தான் போய் நாளையோடு ஐந்து மாதம். அவர் சட்டைகளை இன்னும் மடிக்கவில்லை, கொடியிலிருந்து எடுத்தபடியே நாற்காலியில் கிடக்கின்றன. அது கிடக்கட்டும். இப்போது என் பயமெல்லாம் இவளைப் பற்றித்தான். ஓயாமல் பேசுகிறாள் என்று சில்வண்டு என்று பேர் வைத்தாயே, அந்தச் சில்வண்டுக்கு இப்போது சத்தமே இல்லை. வேலைக்குப் போக ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறாள். பெரிய ரோட்டில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். வாங்கிய மூன்றாம் நாளே, டயரில் காற்று குறைந்தால் எரியுமே அந்த மஞ்சள் லைட், அது எரிந்தது. உன் அத்தான் காரில் எரிந்த அதே லைட். அவளோடு காரில் போன நான் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டயருக்குள் இருக்கிற சென்சாரில் பேட்டரி தீர்ந்துவிட்டதாம், நாலையும் மாற்ற வேண்டுமாம். டயர் கடையில் வேலை பார்க்கிற உனக்குத் தெரியாததா. கடைக்குக் கொண்டு போடி என்றேன். சென்சார்தான் போச்சு, காத்து இருக்கு, ஓட்டுங்கன்னு அப்பாவை அனுப்பி வச்சதும் ஒரு கடைக்காரன்தானே, நானே மாத்திக்கிறேன் என்கிறாள். நாலு சென்சாரையும் தபாலில் வரவழைத்துவிட்டாள். யாரோ ஒருத்தன் செய்வதைப் போனில் பத்துத் தடவை பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சக்கரத்தைக் கழற்றினாள். இரும்பிலிருந்து டயரைப் பிரிக்க உன் கடையில் மெஷின் இருக்கும். இங்கே மெஷின் நான்தான். காரை ஒரு ஜாக்கியில் தூக்கி, கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போட்டு, எதிர்வீட்டில் வாங்கிய இன்னொரு ஜாக்கியை டயர் மேல் நிறுத்தித் திருகினாள். காரின் எடையே டயரை அமுக்குமாம். சக்கரம் நகராமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது தம்பி, என் கண்ணால் பார்த்தேன். அவள் தலை அதற்குக் கீழே. அப்புறம் டப்பென்று ஒரு சத்தம். டயர்தான் பிரிந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். என்னம்மா, இதுக்கே ஊரைக் கூட்டுறே என்று இவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதனால் திட்டவும் வாய் வரவில்லை.

பழைய சென்சாரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுகூட இல்லை. இதை மாத்தச் சோம்பல்பட்டு அப்பா லைட் மேல பிளாஸ்திரி ஒட்டி மறைச்சாரே, அதை மட்டும் என்னால மன்னிக்கவே முடியாதும்மா என்றாள். நொறுங்கின காரிலிருந்து சாமான் எடுக்கப் போனபோது பார்த்தாளாம். நான் கீழே கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

தம்பி, அதை ஒட்டியது அவர் இல்லை.

அடுத்த மாசம் மாத்திடலாம் என்று சொல்லிவிட்டு, அந்த லைட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவார். அங்கங்கே நிறுத்தி இறங்கி நாலு டயரையும் காலால் அழுத்திப் பார்ப்பார். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் மூன்று தடவை நிறுத்தினார். எனக்கு எரிச்சல். கைப்பையில் விரலுக்குப் போடும் பிளாஸ்திரி இருந்தது. இனிமே உங்களுக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி என்று எடுத்து ஒட்டிவிட்டேன். நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்டி என்று சிரித்தார். அதற்கப்புறம் அவர் வழியில் நிறுத்தவே இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டயர் வெடித்துவிட்டது.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மாற்றிய சக்கரத்தில் ஏதோ சரியில்லை. வேகமாகப் போனால் ஸ்டியரிங் கொஞ்சம் ஆடுதும்மா, ஒண்ணுமில்லை என்கிறாள். லைட்டும் அணையவில்லை. காலையில் அவள் போய்ச் சேர்ந்தேன் என்று மெசேஜ் போடும் வரை நான் அடுப்புப் பக்கம் போவதில்லை. வருகிற ஞாயிறு அவளுக்கு வேலை இருக்கிறது. அதற்கடுத்த ஞாயிறு மிச்சம் மூன்று சக்கரத்தையும் கழற்றப் போகிறாளாம். அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். இரண்டு நாள் லீவு போட்டு வாடா. நான் சொன்னால் கேட்க மாட்டாள், மாமன் சொன்னால் கேட்பாள். காரை விட்டுவிட்டு வருகிற கடை வேண்டாம். அவள் வாங்கிய சென்சாரையே எடுத்துக்கொண்டு போய், மெஷின் பக்கத்தில் நீங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்து மாட்டி வாருங்கள். ஆடுகிற சக்கரத்தையும் காட்டுங்கள்.

அது முடிந்ததும் நான் அவளோடு பேச வேண்டும். நீ எதுவும் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்ந்திரு, போதும்.

நீ நல்லா இருக்கணும். உன் வண்டியில் எந்த லைட் எரிந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திப் பாரு. உன் வீட்டுக்காரி சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். நீ நிறுத்திப் பாரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா