ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

இன்று பசறையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளேயிருந்து, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவும்போது வருமே, அந்த வாசம் வந்தது. ஊரே 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர் ஒரு சக்கரத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மத்த டீச்சர் இருந்தா இந்நேரம் என்னைய நிம்மதியா வேலை செய்ய விட்டிருப்பாங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், உன்னிடம் சொல்ல எவ்வளவு சேர்ந்துவிட்டது என்று உறைத்தது.

பெட்ரோலுக்காக நாடே வரிசையில் நின்ற மாதங்கள் அவை. நீ பெரகலையிலிருந்து கணக்கு டீச்சராக நியமனம் வாங்கி வந்து, எங்கள் வீட்டு மேலறையில் தங்கியிருந்தாய். நம் பள்ளிக்கூடமோ டவுனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில். பஸ் நின்றது. ஆட்டோவும் நின்றது. இனி பள்ளிக்கூடம் எப்படிப் போவது என்று நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த அன்று, நீ ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய்.

"இந்த மலையில சைக்கிளா? உனக்குப் பைத்தியமாடி?"

"போறப்ப பாதி தூரம் தள்ளுவோம். வர்றப்ப உக்காந்துக்கிட்டே வருவோம். வர்றதாவது மிச்சம்தான?"

சேலையை இழுத்துச் செருகி, அடியில் டிராக் சூட் போட்டுக்கொண்டு நீ ஓட்டுவாய். நான் பின்னால் கேரியரில், இரண்டு பேர் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளையார் கோயில் வரைக்கும் மெல்லிய ஏற்றம். திணறித் திணறி மிதித்துவிடுவாய். அதற்கு மேல் செங்குத்து. இறங்கி, பைகளை ஹேண்டிலில் மாட்டித் தள்ளுவோம். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "டீச்சர்மாரே, பாத்து! பிரேக் இருக்குதா?" என்று கத்துவார்கள். "இருக்குங்க! வேணும்னா நீங்களும் ஏறிக்குங்க!" என்று நீ திருப்பிக் கத்துவாய்.

மழை தொடங்கிய வாரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. கிரீக், கிரீக் என்று, எலி எதையோ கொறிப்பது மாதிரி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பழைய சைக்கிள், மழை, இரண்டு ஆள் பாரம். முனகாமல் என்ன செய்யும்? நீதான் அன்றைக்கு ஓரமாக நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாய்.

"எப்ப வருது, எப்ப வரலன்னு கவனிச்சியா?"

"சத்தம் சத்தம்தான். அதுக்கு எதுக்கு டைம் டேபிள்?"

நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நானாவின் கடைக்குப் போனோம். அவர் செயினில், பெடலில், சீட்டுக்கடியில் எல்லாம் எண்ணெய் விட்டார். மறுநாள் சத்தமில்லை. அதற்கடுத்த நாள் திரும்ப வந்துவிட்டது. "நாம அது வாயைத்தான் அடைச்சிருக்கோம். என்ன சொல்ல வந்துச்சுன்னு கேக்கவே இல்ல" என்றாய்.

பிறகு தொடங்கியது உன் வேட்டை. முதல் சந்தேகம் என் மேல். கேரியரிலிருந்து என்னை இறக்கிவிட்டு, தனியாக ஓட்டிப் பார்த்தாய். சத்தம் இருந்தது. "பாத்தியா, நான் காரணமில்ல" என்று ஊர் கேட்கக் கத்தினேன். அடுத்தது சீட். சீட்டில் உட்காராமல் எழுந்து நின்று மிதித்தாய். சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அப்படியென்றால் மிதிக்கிற இடத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்து பெடல் இரண்டையும் மாற்றினோம். சத்தம் போகவில்லை. நானாவை நச்சரித்து, பெடலைத் தாங்கும் நடு அச்சைக் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் வைக்கச் செய்தாய். அப்போதும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் கேலிப்பொருளானோம். நம் வருகையை வாசலுக்கு முன்பே அந்தச் சத்தம் சொல்லிவிடும். "நாதஸ்வரம் வந்திருச்சு, மணியடிக்கலாம்" என்பார் தலைமையாசிரியரான அதிபர். நானாவும் கடைசியில் சலித்துப்போய், "டீச்சர், மனுசனுக்கு வயசானா முட்டி சத்தம் போடுது. இதுக்கும் வயசாகிட்டு. விடுங்களே" என்றார். எனக்கும் வெட்கமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில் நானும் அதையே சொன்னேன்.

நீ பிரேக்கைப் பிடித்து நிறுத்தினாய். "ஏத்தத்துல மட்டும் ஏன் கத்துது? எறக்கத்துல ஏன் கத்தல? இதுக்கு யாராவது பதில் சொல்லட்டும், நான் விட்டுர்றேன்."

 

ஒரு காலையில், கோயிலைத் தாண்டி வழக்கம்போல் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தோம். பரீட்சைத் தாள் கட்டுகள் அன்று ஹேண்டிலில் தொங்கின. பாரம் கூடுதல். நீ குனிந்து, இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினாய். கிரீக். இன்னும் இரண்டு எட்டு வைத்தாய். மறுபடி கிரீக். நீ அப்படியே நின்றுவிட்டாய்.

"அடியே, பெடலைப் பாரு!"

பார்த்தேன். பெடலில் ஒன்றுமே இல்லை.

"சும்மாதான இருக்கு! யாரும் மிதிக்கல. சீட்டுல யாரும் உக்காரல. பொறகு எங்கயிருந்து சத்தம் வருது?"

சைக்கிளை நடுரோட்டில் நிறுத்தி, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை மேலும் கீழும் அழுத்தினாய். கிரீக், கிரீக், கிரீக். நீ நின்று மிதித்தபோது சத்தம் கூடியதன் காரணம் அப்போதுதான் எனக்கும் விளங்கியது. எழுந்து நின்று மிதிக்கும்போது ஹேண்டிலைப் பிடித்து இழுப்போம் அல்லவா? இறக்கத்தில் அந்த இழுப்பு இல்லை. இத்தனை நாளும் காலுக்குக் கீழே தேடியது கைக்குக் கீழே இருந்திருக்கிறது.

அன்று மாலை அதில் ஏறவே நீ விடவில்லை. இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே வந்தோம். கால் வலியில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். கடைக்கு வந்ததும் நானா நம்மைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனாலும் ஹேண்டிலைக் கழற்றினார். அதைத் தாங்கி உள்ளே இறங்கும் இரும்புத் தண்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துருவுக்கடியில் ஒரு கறுப்புக் கோடு. மயிரிழைதான். ஆனால் தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அவர் அதை இடுக்கியில் இறுக்கி ஒரு தடவை இழுத்தார். கேரட் ஒடிவது மாதிரி ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"யா அல்லாஹ்" என்றார். "இறக்கத்துல ரெண்டு பேரும் வாறீங்க. பிரேக் புடிச்சா பாரம் முழுக்க இதுலதான் டீச்சர் இறங்கும்."

எனக்குப் பாலத்து வளைவு கண்ணில் வந்தது. ஒரு பக்கம் மண் திட்டு, இன்னொரு பக்கம் கீழே ஆறு தெரியும் பள்ளம். அங்கேதான் நீ தினமும் பிரேக்கைப் பிடிப்பாய், நான் கண்ணை மூடிக்கொண்டு உன் இடுப்பைப் பிடிப்பேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஒடிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசு இருக்கா நானா?" என்று மட்டும் கேட்டாய்.

வீட்டுப் படியில் ஏறும்போது நீ பாதியில் நின்றாய். "பயந்துட்டியா?" என்றேன். "பயமில்லாமலா? ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கே" என்றாய். மறுநாளும் போனோம். பெட்ரோல் திரும்பி வந்து பஸ் ஓடத் தொடங்கும் வரைக்கும் அந்தச் சைக்கிளில்தான் போனோம்.

அதன் பிறகு வந்த உன் வயிற்று வலியை முதலில் எல்லாரும் அல்சர் என்றார்கள். மாத்திரை தந்தார்கள், வலி அடங்கியது, பிறகு திரும்பியது. நீ விடவில்லை. சாப்பிட்டால் வருகிறதா, படுத்தால் வருகிறதா என்று கவனித்து, பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்குமுன் நீயே சொன்னாய். அவர் ஸ்கேனுக்கு அனுப்பினார். முடிவு வரும் முன், உன்னைத் தேற்றுவதாக நினைத்து, "சைக்கிள்ல கண்டுபிடிச்ச மாதிரி இதையும் கண்டுபிடிச்சிரலாம்டி" என்றேன். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தாய். "சைக்கிளைக் கழட்டிப் பாக்கலாம். என்னையக் கழட்டுனா யாரு பூட்டுறது?" பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி அம்மா ஒருவரும் சேர்ந்து சிரித்தார்.

கண்டுபிடித்தார்கள். ஆனால் மாற்றிப் போடக்கூடிய பாகத்தில் இல்லை அது. கொழும்புக்கும் பதுளைக்குமாக நீ அலைந்த மாதங்களில்கூட, மருந்தின் பெயர் என்ன, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையை நீட்டினாய். உன்னைப் பெட்டியில் வைத்துப் பெரகலைக்குக் கொண்டுபோன அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருந்தா" என்றார். சைக்கிள் இப்போது உன் அண்ணன் மகளிடம் இருக்கிறது.

இனி இந்த வருடத்துக் கதை. மழைக்காலம் தொடங்கியதும் இரண்டாம் வகுப்புக் கதவு சட்டத்தில் உரசி இழுக்க ஆரம்பித்தது. அது மலைப்பக்கம் இருக்கும் கடைசி அறை, தெரியும் அல்லவா? மழைக்கு மரம் ஊறியிருக்கிறது என்று அதிபர் ஆசாரியை வரவழைத்து இழைக்கச் சொன்னார். சில நாள் நன்றாக மூடியது. பிறகு மறுபடி இழுத்தது. நான் சாக்பீஸும் கையுமாக அந்தக் கதவின் முன் நின்றேன். மரம் ஊறினால் எல்லாக் கதவும்தானே இழுக்க வேண்டும்? அதே மரம், அதே மழை. இது மட்டும் ஏன்? அதுவும் மேல்மூலையில் மட்டும் ஏன்?

கட்டடத்தின் பின்னால் போய்ப் பார்த்தேன். மழைத்தண்ணீர் ஓடும் சீமெந்துக் கானில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. புதியதா, பழையதா என்று தெரியவில்லை. சாக்பீஸால் கோடு போட்டால் மழை அழித்துவிடும். புதிதாக வந்திருக்கும் டீச்சரிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி, வெடிப்பு முடிகிற இடத்தில் குறி வைத்தேன். அடுத்த வாரம் வெடிப்பு குறியைத் தாண்டிப் போயிருந்தது.

அதிபரைக் கூட்டிவந்து காட்டினேன். "மேல எழுதிப் போடுவோம் டீச்சர். அவசரப்பட்டா பெத்தவங்க பயந்துருவாங்க" என்றார். கிராம சேவகரிடம் போனேன். அவர் பதுளையில் மண்சரிவு பார்க்கும் அலுவலகத்துக்குச் சொல்வதாகச் சொன்னார். காத்திருந்தேன், யாரும் வரவில்லை. லீவு போட்டுவிட்டு நானே பதுளைக்குப் போய் அந்த அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாளும் போனேன். அங்கிருந்த ஐயா ஒருவர், "இது பழைய பில்டிங் டீச்சர், வெடிக்கத்தான் செய்யும்" என்றார். நான் கைபேசியில் எடுத்த படங்களை அவர் முன்னால் வைத்தேன். "பழசுன்னா எல்லாப் பக்கமும் வெடிக்கணுமேங்க. மலைப்பக்கம் மட்டும் வெடிக்குது. மழை பேஞ்சா மட்டும் நீளுது. ஏன்னு நீங்க சொல்லுங்க, நான் போயிர்றேன்" என்றேன். அவர் படங்களைத் திரும்பப் பார்த்தார்.

வந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துவிட்டு மேலே தேயிலைக்குள் ஏறினார்கள். நானும் பின்னாலேயே போனேன். செடிகளுக்கடியில் மறைந்து, மலையின் குறுக்கே நீளமாக ஒரு பிளவு கிடந்தது. அவர்களில் ஒருவர் குடைக்கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தார்; பிடி வரைக்கும் போனது. உன் ஊருக்குப் பக்கத்தில்தான் மீரியபெத்த. அங்கே மலை இறங்கி வீடுகளை மூடியதைப் பற்றி நீ ஒருநாளும் முழுதாகப் பேசியதில்லை. பேச்சு வந்தால் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாய். அந்தப் பிளவின் ஓரத்தில் நின்றபோது அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அன்றே அந்தக் கட்டடத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். இப்போது சின்ன வகுப்புகள் எல்லாம் கோயில் மண்டபத்தில் நடக்கின்றன. இடம் போதவில்லை. ஒரு வகுப்பு பாட்டுப் பாடினால் இன்னொரு வகுப்புக்குப் பாடம் கேட்காது. இன்றுவரை மலை அப்படியேதான் நிற்கிறது. அதனால் என் மேல் கோபமும் இருக்கிறது. "ஒண்ணுமே விழலையே, எதுக்கு டீச்சர் பிள்ளைங்கள இப்படிப் போட்டு நெருக்குறீங்க?" என்று ஒரு தகப்பன் மண்டப வாசலில் வைத்தே கேட்டார். "விழாம இருக்கறப்பவே வெளிய வந்துட்டோங்க. அது போதும்" என்றேன். குரல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. மலை ஒருபோதும் விழாமலே இருந்து, நான் கடைசிவரை வீண் கலவரக்காரி என்று பெயர் வாங்கினாலும் எனக்குச் சம்மதம்.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டபோது ஒரு தாய் எனக்காகக் காத்திருந்தாள். கொழுந்துக் கூடைகூட இன்னும் முதுகில்தான். மேல்லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், எங்க குசினியில, அடுப்புக்குப் பின்னால சுவருல மழை நாள்ல மட்டும் ஒரு சத்தம் கேக்குது. வீட்டுக்காரரு பல்லிங்கறாரு. வந்து பாக்குறீங்களா?"

தொந்தரவுக்காரி என்ற பெயருக்கு அஞ்சாத ஒரு மனம்தான் உன்னிடமிருந்து எனக்கு வந்த சொத்து. அது உள்ளே இருப்பதை அந்த நிமிடம் நன்றாக உணர்ந்தேன். குடையை விரித்து அவளையும் அதற்குள் இழுத்துக்கொண்டேன்.

"வாங்க, போவோம். மொதல்ல எந்த மழைக்குக் கேட்டுச்சு? அதச் சொல்லிக்கிட்டே நடங்க."

இரண்டு பேரும் மேல்லயத்துக்கு ஏறத் தொடங்கினோம்.