ரெண்டு ஆட்டினுக்கு அப்புறம்

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். வானகரம் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆனாலும் அம்பத்தூர் கிளப்புக்குப் போனேன். பிரிட்ஜ் சீட்டு ஆட எதிரே பரந்தாமன் அண்ணன். கோவில்பதாகைக்காரர், வேன் ஓட்டுகிறார். சேகர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து இவர்தான் ஜோடி.

பிரமாதமான கை எனக்கு. ஏலத்தில் ஒரு டைமன் சொன்னேன். அவர் ஒரு இஸ்பேடு. நான் ரெண்டு ஆட்டின். இப்படி மேலே ஏறிச் சொன்னால் ரிவர்ஸ். கையில் நிறைய பலம், பாஸ் சொல்லாதே என்று அர்த்தம். அண்ணன் பாஸ்.

"எங்கையில ஆறு பாயிண்டுதான் கீது. வேற இன்னா பண்றது?"

அஞ்சு டைமன் ஆடவேண்டிய கை. போச்சு. கோபமில்லை. சேகராக இருந்தால் என்ற நினைப்புதான், பஸ் முழுக்க.

நவ. 13, வியாழன்
வெயில். ஆபீஸ் வீட்டிலிருந்தே. மத்தியானம் சேகர் போன். ஞாயிறு போட்டிக்கு வருகிறாராம். "ஆடலாமா உமா?"
அண்ணனிடம் சொன்னேன். "அவுரு வந்துகினு இருக்காருன்னா நான் இன்னா சொல்லப்போறேன், போய் ஆடுமா."
வாங்க: தோசை மாவு, பல்பு. பச்சைப் புடவை இஸ்திரி. எதற்குப் புடவை? தெரியவில்லை.

நவ. 16, ஞாயிறு
இளைத்திருக்கிறார். காதோரம் நரை.
ஏழாவது கை. இந்தத் தடவை ரிவர்ஸ் அவர்: ஒரு டைமன், அப்புறம் ரெண்டு ஆட்டின். என் கையில் ஒன்றுமில்லை. ரெண்டு நோட்ரம்ப் சொன்னேன், துருப்பில்லாத ஆட்டம். எங்களுக்குள் அதற்கு, "பலமில்லை, மெதுவாப் போங்க" என்று அர்த்தம். பத்து வருஷப் பழக்கம். அவர் நேரே மூணு நோட்ரம்ப். ரெண்டு பிடி குறைந்து தோற்றோம்.

"ஸாரி உமா. அங்க நாங்க அதைப் பலமுள்ள கைக்குச் சொல்லுவோம்."

நாங்க.

டீ குடிக்கும்போது கேட்டேன், அங்கே ஜோடி யார் என்று. "ஒரு டாக்டரம்மா. நல்லா ஆடுவாங்க." சரி என்றேன். வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் பூந்தமல்லி வரை கொண்டுவிட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இருந்தும் ஞாயித்துக்கிழமை ஆனா இங்கயே திரும்பிடலாமான்னு தோணுது. யாராவது வான்னு சொன்னா வந்துடுவேன்."

வாய் வரைக்கும் வந்தது. "பஸ் வருது பாருங்க" என்றேன்.

ஜன்னல் வழியாகக் கை காட்டினார். நானும்.

நவ. 17, திங்கள்
மறுபடி மழை. எட்டரைக்கு மீட்டிங். போகவில்லை. போன் போட்டேன்.
"என்ன உமா, இவ்வளவு காலையில?"
"திரும்பி வந்துடு."
'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது என்பதே சொன்ன பிறகுதான் உறைத்தது. மெதுவாகக் கேட்டார்:
"இதைச் சொல்ல ஒரு ராத்திரி வேணுமா உனக்கு?"